பால் வெட்டத் தெரியாத மும்மொழி அகராதி

பள்ளி திறக்கிற வாரத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரில் எழுதுபொருள் கடைகளுக்குப் போனால் ஒன்றைப் பார்க்கலாம். நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்க வருகிற பெற்றோரில் பலர் கூடவே ஒரு மும்மொழி அகராதியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆங்கிலச் சொல், பக்கத்தில் மலாய், அதற்குப் பக்கத்தில் தமிழ். மூன்று மொழியையும் ஒரே நாளில் படிக்கிற தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. அப்படி 32 ரிங்கிட்டுக்கு விற்கிற ஓர் அகராதியை இங்கே மதிப்பிடுகிறோம். அதற்கு உரைகல்லாக ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டோம்: டி, ஏ, பி என்ற மூன்றெழுத்துச் சொல், டேப்.

ஏன் இந்தச் சொல்? ரப்பர்த் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வினைச்சொல் இது. தாத்தா பாட்டிகள் பெயருக்கு நேரே ‘டேப்பர்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் ஒரு வரி பேசத் தெரியாதவர்களும் ‘டேப்பிங்’ என்ற சொல்லோடு நாள் முழுக்கப் புழங்கினார்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக ஓர் அகராதி விற்கப்படுகிறது என்றால், அது வேறெந்தச் சொல்லில் சறுக்கினாலும் இந்தச் சொல்லில் சறுக்கக்கூடாது.

சறுக்கியிருக்கிறது. பதிவு இப்படி இருக்கிறது: டேப், மலாயில் ‘கெத்துக், பைப்’, தமிழில் ‘தட்டு, குழாய்’. அவ்வளவுதான். அதற்கு இரண்டு வரி தள்ளி ‘டேப்பர்’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு எழுதியிருக்கிற தமிழ்: ‘தட்டுபவர்’.

விடிவதற்கு முன்னே எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு நானூறு ரப்பர் மரத்துக்கு மேல் சுற்றிப் பால் வெட்டி வருகிறவரைத் தட்டுபவர் என்று ஓர் அகராதி சொல்கிறது. அச்சுப்பிழை என்று இதை விட்டுவிட முடியாது. சொல்லின் பிறப்பே தெரியாமல் பதிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. பிறப்பைத் தெரிந்துகொண்டால் குறை எங்கே என்பது தானே விளங்கும்.

ஆங்கிலத்தில் டேப் என்பது ஒரு சொல்லாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பதால் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன, ஆனால் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. முதலாவது பழைய ஆங்கிலத்தில் ‘டேப்பா’ என்று இருந்த பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. மரப் பீப்பாயின் அடியில் ஒரு துளை போட்டு, அதை அடைக்க ஒரு முளை செருகியிருப்பார்கள். அந்த முளைக்குத்தான் டேப்பா என்று பெயர். முளையைத் தளர்த்தினால் மது வடியும், இறுக்கினால் நின்றுவிடும். முளை வைத்து வடித்தெடுக்கும் வேலைக்கு அதே சொல் வினையாகவும் ஆனது. ஜெர்மன் மொழியில் ‘ட்சாப்ஃபன்’, டச்சு மொழியில் ‘டாப்பன்’ என்று இதன் உடன்பிறப்புகள் இன்றும் அதே பொருளில் வழங்குகின்றன. காலப்போக்கில் முளையின் இடத்தில் திருகுக் குழாய் வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. இன்று வீட்டுத் தண்ணீர்க் குழாயை ஆங்கிலத்தில் டேப் என்று சொல்வது அப்படி வந்ததுதான்.

இரண்டாவது டேப், பழைய பிரெஞ்சு மொழியில் மெல்ல அடிப்பதைக் குறித்த ஒரு வினையின் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஓசையைக் கேட்டு உண்டான சொல் என்றும் சொல்வார்கள். நம்முடைய ‘தட்டு’ போல, ‘டக் டக்’ போல, காதில் விழுந்ததை வாய் திருப்பிச் சொன்னது. கதவை மெல்லத் தட்டுவது, தோளில் தட்டிக் கூப்பிடுவது, பாட்டுக்குக் காலால் தாளம் போடுவது, கைப்பேசித் திரையைத் தொடுவது, கட்டண அட்டையை இயந்திரத்தில் காட்டுவது எல்லாம் இந்த இரண்டாவது சொல்லின் குடும்பம். டேப் நடனம் என்று காலணி அடித் தகட்டால் தரையில் ஒலி எழுப்பி ஆடுகிறார்களே, அதுவும் இந்தப் பக்கம்தான்.

மும்மொழி அகராதி செய்த தவறு இதுதான்: இரண்டாவது சொல்லின் வினையையும் முதலாவது சொல்லின் பெயரையும் எடுத்து ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. முதல் சொல்லின் வினை, அதாவது வடித்தெடுப்பது, முழுக்க விடுபட்டுப்போனது. பால் வெட்டும் அதோடு போய்விட்டது.

விடுபட்ட அந்த வினை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பாருங்கள். பீப்பாயிலிருந்து மதுவை எடுப்பது போல, சேமிப்பிலிருந்து பணத்தை எடுப்பதும் டேப். ஊரில் இருக்கிற திறமையைப் பயன்படுத்திக்கொள்வதும் டேப். பிறர் பேசுவதைக் கம்பியில் கொக்கி போட்டு ஒட்டுக் கேட்பதும் டேப்; 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி காலத்திலேயே இது தொடங்கிவிட்டது, பேச்சுப் போகிற வழியில் ஒரு துளை போட்டு வடித்தெடுப்பதாகக் கண்டார்கள். ஒருவரிடம் நைச்சியமாகப் பேசிக் கடன் வாங்குவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் சொல்கிறார்கள். ‘அவரிடம் 50 ரிங்கிட் கறந்துவிட்டான்’ என்று நாம் சொல்கிறோமே, அச்சாக அதே நினைப்பு. நமக்கு மாட்டு மடி, அவர்களுக்கு மதுப் பீப்பாய். தமிழ் படித்த பிள்ளைக்கு இந்த ஒரு ஒப்புமையைச் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்றப் பொருள்களெல்லாம் தானாக நினைவில் நிற்கும்.

பட்டறையில் இரும்புத் துளைக்குள் திருகு வரி வெட்டுகிற கருவிக்கும் டேப் என்றுதான் பெயர். முளை போன்ற வடிவம் அதற்குக் காரணம். வேரிலும் இந்த முளை இருக்கிறது. நேரே கீழே இறங்குகிற தாய்வேரை ஆங்கிலத்தில் டேப் ரூட் என்பார்கள். தமிழில் ஆணிவேர். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே அந்த வேரைப் பார்த்து மண்ணில் அறைந்த முளை என்று கண்டிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட அகராதியில் டேப் ரூட் இல்லை. ரப்பர் மரமே ஆணிவேர் உள்ள மரம், அறிவியல் பாடத்திலும் இந்தச் சொல் வருகிறது. விட்டிருக்கக்கூடாது.

இன்னொரு கிளை வியப்பானது. படைவீரர்கள் பாசறைக்குத் திரும்ப இரவில் முரசு கொட்டுவதை டச்சுக்காரர்கள் ‘டாப்டூ’ என்றார்கள். டாப் என்றால் குழாய், டூ என்றால் மூடு. மதுக்கடைக் குழாயை மூடு, வீரர்கள் போகட்டும் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்து ‘டட்டூ’ என்று திரிந்து, இன்று இராணுவ இசை அணிவகுப்புக்குப் பெயராக இருக்கிறது. தோலில் குத்துகிற டட்டூ வேறு. அது பசிபிக் தீவுகளிலிருந்து வந்த சொல். அகராதியில் பச்சை குத்துதல் மட்டும் இருக்கிறது. இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டோம், தொடக்கப்பள்ளிக்கு இது தேவைப்படாது.

தேவைப்படுவது மரம். ஒரே வேலையை மூன்று மொழியும் மூன்று இடத்தில் நின்று பார்க்கின்றன. தமிழில் ‘மரம் வெட்டுவது’, ‘பால் வெட்டுவது’. கை செய்கிற செயலைப் பார்த்த சொல். மலாயில் ‘மெனோரே’, கூர்முனையால் கீறுவது என்று பொருள், கத்தி போகிற தடத்தைப் பார்த்த சொல். ஆங்கிலத்தில் டேப், கையையும் கத்தியையும் விட்டுவிட்டு, வடிகிற பாலை மட்டும் பார்த்த சொல். இந்தோனேசியாவில் இதற்கு ‘மெஞாடாப்’ என்கிறார்கள், தொலைபேசியை ஒட்டுக் கேட்பதற்கும் அங்கே அதே சொல்தான். ஆங்கிலம் போன வழியிலேயே அதுவும் போயிருக்கிறது. மும்மொழி அகராதி என்ற பெயருக்கு உண்மையான மதிப்பு இந்த மாதிரி இடத்தில்தான் வர வேண்டும்: மூன்று மொழியும் ஒத்துப்போகாத இடத்தை எடுத்துக் காட்ட வேண்டும். ‘கெத்துக், தட்டு’ என்று எழுதினால் மூன்றும் அழகாக ஒத்துப்போகிறது, ஆனால் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதனால் கட்டுரையில் என்ன கெடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘என் தாத்தா மரம் வெட்டினார்’ என்று தமிழில் நினைக்கிற பிள்ளை, வெட்டு என்ற சொல்லை அகராதியின் பின்பக்கத்துத் தமிழ் அட்டவணையில் தேடினால் ‘கட்’ என்று கிடைக்கிறது. உடனே ‘மை கிராண்ட்ஃபாதர் கட் ரப்பர் ட்ரீஸ்’ என்று எழுதுகிறது. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் படிக்கிற ஆங்கிலக்காரருக்கு அதன் பொருள், தாத்தா மரத்தை அடியோடு சாய்த்தார் என்பது. தோட்டத்தில் இரண்டு வேலையும் நடப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பால் வற்றிய கிழட்டு மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட இடங்கள் எவ்வளவோ. சாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபெல்’ என்று தனி வினை உண்டு, அதன் இறந்தகாலம் ‘ஃபெல்ட்’. விழுவதைக் குறிக்கிற ‘ஃபால்’ என்ற வினையின் இறந்தகாலமும் ‘ஃபெல்’ என்பதால் அதிலும் ஒரு சிக்கல். ஆகவே பிள்ளைக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்: பால் எடுக்க டேப், சாய்க்க ஃபெல், பொதுவாக வெட்ட கட்.

‘கட்’ ஏன் இங்கே பொருந்தாது என்பதற்கு வேலையையே நெருங்கிப் பார்க்கலாம். மரத்தடிக்குப் போனதும் முதலில், முந்தைய வெட்டுக் கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கிற கோட்டுப்பாலை விரலால் இழுத்து உரிக்கிறார்கள். மங்கில், அதாவது பால் பிடிக்கிற கிண்ணத்தில், தங்கிய கட்டிப்பாலையும் எடுத்துவிடுகிறார்கள். பிறகு உளியைப் பழைய கோட்டின் மேல் வைத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஒரே சீராக இழுக்கிறார்கள். சாய்வு ஏறக்குறைய 30 பாகை. பால் ஓடுகிற நுண்குழல்கள் பட்டைக்குள் நேர்குத்தாக நிற்காமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, அதனால் இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் திறக்கும். மாற்றிச் சாய்த்தால் அதே உழைப்புக்குப் பால் குறையும். ஒரு தடவைக்கு உரியும் பட்டையின் கனம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். உள்ளே கட்டையை ஒட்டியிருக்கிற வளர்படலத்தைத் தொடாமல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி ஆழப் போய்விட்டால் புதுப் பட்டை சீராக வளராது, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அதில் உளி ஓடாது. மேலோட்டமாகப் போனால் உட்குழல்கள் திறக்காது, பால் சொட்டோடு நின்றுவிடும். விடியலில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவெல்லாம் மரம் தண்ணீரை வைத்திருப்பதால் குழல்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

இதில் மரம் சாவதில்லை. திறக்கிறது, வடிகிறது, உறைந்து தானே மூடிக்கொள்கிறது, அடுத்த முறை அதே கோட்டில் மறுபடியும் திறக்கிறது. பீப்பாயின் முளையும் அப்படித்தானே. டேப் என்ற வினை இந்த வேலைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கு ஒரு மனிதரும் காரணம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த எச்.என். ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கிற முறையை ஆராய்ந்து பரப்பினார். அதற்கு முன்பு பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள், காயம் பட்ட இடத்தில் மறுபடி வெட்ட முடியாமல் மரம் பாழாகும். ரிட்லியின் முறை இல்லாமல் இத்தனை தோட்டங்கள் எழுந்திருக்க முடியாது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் சில பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் இன்னும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அங்கே போக அதிக நேரம் ஆகாது. பிள்ளைகளை அழைத்துப்போய், இந்தச் சொல்லை அந்த மரத்தடியில் நின்று சொல்லிக் கொடுக்கலாம்.

வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்திலிருந்து இனிப்பு நீர் எடுப்பதற்கும் டேப் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே மரத்தில் துளை போட்டுக் குழாய்முளை செருகுகிறார்கள், ஆகவே பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நம் பக்கத்துத் தென்னையில்தான் சிக்கல். கள் எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை, ‘டாடி டேப்பிங்’. தமிழில் கள் இறக்குவது. கள் இறக்குகிறவர் பாளையைக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, பிறகு நுனியைச் சீவிக் கலயம் கட்டுவார். அங்கே உண்மையாகவே தட்டுகிறார்கள்! இதைப் பார்த்து, பாளையைத் தட்டுவதால்தான் ஆங்கிலத்தில் டேப் என்கிறார்கள் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. பெயர் வந்தது கள் வடிவதால்தான். தட்டாமலே எடுக்கிற ரப்பர் பாலுக்கும் மேப்பிள் நீருக்கும் அதே வினை வருவதே அதற்குச் சான்று. ஆங்கிலத்தின் இரண்டு டேப்பும் ஒரே ஆளின் கையில் ஒன்றுசேர்கிற இடம் தென்னம்பாளை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாக்கியத்தில் இந்த வினை எப்படி உட்காரும் என்பதிலும் நம் அகராதி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியமே கிடையாது. இங்கே ஒரு சிறு சொல் பொருளைப் புரட்டிவிடும். ‘டேப் த ட்ரீ’ என்றால் மரத்தில் பால் வெட்டுவது. நடுவே ‘ஆன்’ சேர்த்து ‘டேப் ஆன் த ட்ரீ’ என்றால் மரத்தை விரலால் தட்டுவது. வடிக்கிற டேப் தன் செயப்படுபொருளை நேரே எடுத்துக்கொள்ளும்: மரத்தை, ரப்பரை, தொலைபேசியை, சேமிப்பை. தட்டுகிற டேப்புக்குக் கதவு, மேசை, சன்னல் என்று வந்தால் பெரும்பாலும் ‘ஆன்’ அல்லது ‘ஏட்’ வேண்டும். ஆளைத் தட்டினால் ஆள் நேரே வருவார், உறுப்பு பின்னால் வரும்: ‘டேப் ஹிம் ஆன் த ஷோல்டர்’. தமிழில் ‘அவன் தோளைத் தட்டினேன்’ என்று சொல்வதால் ‘டேப்ட் ஹிஸ் ஷோல்டர்’ என்று எழுதுவார்கள். அது தவறாகாது, ஆனால் முன்னதே பழகிய வடிவம். ஊற்றுக்கண் மாதிரி ஒன்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதற்கு ‘இன்டு’ சேரும், ‘டேப் இன்டு’. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் கட்டுரைகளில் இளைஞர் திறமை, உள்ளூர் வளம் என்று எழுதும்போது இந்த வடிவம் மிகவும் பயன்படும். தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு ‘ஓப்பன் த டேப்’ என்று எழுதுவது நம் பேச்சிலிருந்து வருகிற பிழை. ‘டர்ன் ஆன்’ என்பதுதான் வழக்கு.

எழுத்துக்கூட்டில் ஒரு பொறி இருக்கிறது. வினை நீளும்போது கடைசி ‘பி’ இரட்டிக்கும். ஒற்றைப் ‘பி’ போட்டால் ஒட்டுகிற டேப்பின் வினையாகிவிடும், ரப்பர் மரத்துக்கு நாடா ஒட்டினார் என்ற பொருள் வந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒலி வேறு. பால் வெட்டுகிற சொல்லில் வாய் அகலத் திறந்து ‘ஏ’யும் ‘ஆ’வும் கலந்த குறில் வரும். ஒட்டுகிற சொல்லில் ‘டெய்ப்’ என்று இழுக்கும். நம் அகராதி இரண்டுக்கும் தமிழ் எழுத்தில் ‘டேப்’ என்றே ஒலிப்புக் கொடுத்திருக்கிறது. தமிழ் எழுத்தில் அந்தக் குறிலுக்கு எழுத்து இல்லை என்பது உண்மை, இந்த மதிப்பீட்டிலும் அதே ‘டேப்’தான் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒலிப்பைக் கற்றுத்தருவதாக அட்டையில் அச்சிட்டு விற்கிற புத்தகம், குறைந்தது ஒன்றை ‘டெய்ப்’ என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். எல்லாச் சொற்களுக்கும் இதே நிலைதான். ஒலிப்புக்காக இதை வாங்க வேண்டாம்.

புத்தகம் முழுக்கக் குறை என்று சொல்லிவிட முடியாது. தாள் கனமானது, பின்பக்க எழுத்து தெரியவில்லை. தையல் கட்டு, நடுவில் விரித்து மேசையில் வைத்தால் அப்படியே நிற்கிறது, பசை மட்டும் போட்ட மலிவுப் புத்தகங்கள் போலப் பக்கம் கழன்று வராது. எழுத்தளவு ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் மூக்குக்கண்ணாடி போட்ட பாட்டிக்கும் ஏற்றது. பெயர்ச்சொற்களில், குறிப்பாக வீட்டுப் பொருள், காய்கறி, விலங்கு, உடலுறுப்பு ஆகியவற்றில், மூன்று மொழியும் நம்பகமாக இருக்கின்றன. மலாய்ப் பகுதியில் வேர்ச்சொல்லோடு முன்னொட்டுச் சேர்ந்த வடிவமும் கொடுத்திருப்பது நல்ல வேலை. ஒழுங்கில்லாத வினைகளின் அட்டவணை பின்னால் இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. தொடக்கப்பள்ளிக்கு இது போதும், 32 ரிங்கிட் கொடுக்கலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது, வினைச்சொற்களில் நம்பவே கூடாது.

இடைநிலைப்பள்ளிக்கு வேண்டியது, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே எளிய விளக்கம் தருகிற கற்போர் அகராதி. அவற்றில் மரத்தில் பால் எடுப்பது, தொலைபேசியை ஒட்டுக் கேட்பது எல்லாம் எண் போட்டு எடுத்துக்காட்டோடு இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கற்போர் அகராதிகளில் பல, பிறப்பைப் பாராமல் இரண்டு டேப்பையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்துவிடும். பொருள் கிடைக்கும், உறவு தெரியாது. உறவு வேண்டுமென்றால், தலைச்சொல்லின் மேல் சிறிய 1, 2 என்று எண் போட்டுப் பிரித்து, பதிவின் கடைசியில் சொற்பிறப்புக் கொடுக்கிற பெரிய அகராதியைத்தான் பார்க்க வேண்டும். மலாய்ப் பக்கத்துக்கு, மலேசிய அரசின் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் இணைய அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. மெனோரேக்கு வேரான ‘தோரே’, மெஞாடாப்புக்கு வேரான ‘சாடாப்’ இரண்டையும் அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடையில் நின்றுகொண்டே எந்த அகராதியையும் ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். டேப் என்ற பக்கத்தைத் திறந்து, வினையும் பெயரும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மரம் அல்லது ரப்பர் என்ற சொல் அந்தப் பதிவுக்குள் எங்காவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். இறந்தகாலத்தில் ‘பி’ இரட்டிப்பதைக் காட்டியிருக்கிறதா, முழு வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். பிறகு ‘ஃபெல்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே விழுந்தது மட்டும் இருந்து மரம் சாய்ப்பது இல்லையென்றால், அந்த அகராதி சொல்லை வடிவத்தால் தொகுத்ததே தவிரப் பொருளால் தொகுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டு பக்கம் தேறினால் மற்றப் பக்கங்களும் பெரும்பாலும் தேறும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளை விட்டிருக்கிறார்கள், கூர்சீவிய பென்சில் இருந்தால் போதும். இருக்கிற பதிவின் முன்னே 2 என்று எண் போட்டு, அதிலுள்ள குழாயை மட்டும் அடித்துவிடுங்கள். அதற்கு மேலே 1 என்று எண் போட்டு இப்படி எழுதுங்கள்: ‘முளை, குழாய், வடித்தெடு, ரப்பர் மரத்தில் பால் வெட்டு, மலாயில் மெனோரே, கள் இறக்கு, ஒட்டுக் கேள், சேமிப்பிலிருந்து எடு, பணம் கற. இறந்தகாலத்தில் பி இரட்டிக்கும்.’ இரண்டாம் எண்ணின் பக்கத்தில் ‘மெல்லத் தட்டு, தொடு, ஆன் சேரும்’ என்று எழுதினால் சரியாகிவிடும். டேப் ரூட் பக்கத்தின் அடியில் போகும், ‘ஆணிவேர்’ என்ற ஒரே சொல் போதும். கடைசியாக டேப்பருக்கு வாருங்கள். ‘தட்டுபவர்’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ‘பால்வெட்டுத் தொழிலாளி, மலாயில் பெனோரே கெத்தா’ என்று எழுதுங்கள். இதற்குப் பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.